கழிப்பறைச் சாவியும் இரண்டு அரசுப் பள்ளிகளும்

1. பேசுபவர்: த. ஞானதிரவியம், வழக்கறிஞர், தென்காசி.

2. பேசும் இடம்: ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கையை முன்னிட்டு, இவ்வூரின் இரண்டு அரசுப் பள்ளிகளும் சேர்ந்து நடத்தும் பெற்றோர் கூட்டம்.

3. நான் சொல்லப்போவது வேறோர் ஊரில் நடந்தது. மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர்கள் இருவர் மீதும் நான் எந்தக் குற்றச்சாட்டும் வைக்கவில்லை. கேட்கக் கேட்க யாருக்காவது வியர்த்தால், அதற்கு, தலைக்கு மேலே ஓடாமல் நிற்கும் மின்விசிறியே பொறுப்பு.

பெற்றோர்களே... எனக்கு முன் பேசியவர்கள் தேர்ச்சி விழுக்காட்டைச் சொன்னார்கள். ஆய்வகத்தைச் சொன்னார்கள். எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அதற்காக ஒரு குட்டிக் கதை சொல்ல, உங்கள் அனுமதியைக் கேட்கிறேன்.

அந்த ஊரிலும் இரண்டு அரசுப் பள்ளிகள். ஒன்று பஜார் பள்ளி, மற்றது குளத்துப் பள்ளி. வேன் ஓட்டும் திருமலைக்குமார் என்பவர் தம் மகள் கோமதிப்பிரியாவுக்காக இரண்டையும் நேரில் போய்ப் பார்த்தார். வீட்டுக்கு வந்து, ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் மனைவி உலகம்மாளிடம் தீர்ப்புச் சொன்னார்.

"குளத்துப் பள்ளியில ஒரே தகரம். பஜார் பள்ளியில கக்கூசுக்குக்கூட டைல்ஸ் போட்டிருக்கான்! நம்ம வீட்டுல இருக்கா?"

"நம்ம வீட்டுல கதவே சாத்த மாட்டேங்குது. அதை எப்பச் சரிபண்ணப் போறீங்க?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்... கொஞ்ச நேரம்தான்.

பிள்ளை பஜார் பள்ளியில் சேர்ந்தாள். சில மாதங்களில் அடிவயிற்றில் வலி, குளிர்க் காய்ச்சல். அரசு மருத்துவமனையில் மருத்துவர் கேட்டார்: "பள்ளிக்கூடத்துல தண்ணி குடிக்கிறியாம்மா?" இல்லை என்று பிள்ளை தலையாட்டினாள்.

உலகம்மாளுக்குக் கோபம். "ஏட்டி, கொண்டுபோற தண்ணி அப்படியே திரும்பி வருதேன்னு அன்னைக்கே கேட்டேன்லா? குடிக்கிறதுக்கு என்ன கேடு?"

"குடிச்சா போகணும்லா. அங்க பூட்டிக் கிடக்கும்மா."

"பூட்டிக் கிடந்தா? டீச்சர்கிட்ட கேக்க வேண்டியதுதான?"

"யாருமே கேக்க மாட்டாங்க. எங்க கிளாஸ்ல எல்லாரும் அப்படித்தான். மத்தியானத்துக்கு மேல பழகிரும்மா."

பழகிரும்மா... கேட்டீர்களா? பதினான்கு வயதுப் பிள்ளை. அந்தப் பள்ளி அவளுக்கு முதலில் கற்றுக்கொடுத்த பாடம் அதுதான்.

"கிருமித்தொற்று. சிறுநீரகத்தைப் பாதிக்கிறதுக்குள்ள வந்துட்டீங்க" என்றார் மருத்துவர். "இனி இவ அடக்கவே கூடாது."

மறுநாள் உலகம்மாள் பஜார் பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியர் நாற்காலி போட்டார். வந்த காரியத்தை உலகம்மாள் சொல்லவில்லை. "சார், அவசரமா ஒண்ணுக்குப் போகணும்" என்றார்.

"அதுக்கென்னம்மா, தாராளமா!" மேசை இழுப்பறை திறந்தது, சாவி வந்தது. கவனியுங்கள்... விருந்தாளிக்கு உடனே வந்தது!

திறந்து பார்த்தால், தரை காய்ந்து கிடக்கிறது. சோப்பின் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. திறப்பு விழா ரிப்பன் ஒரு பக்கம் தொங்குகிறது. உலகம்மாள் வெளியே வந்தார். பூட்டவில்லை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் நின்றார். இடைவேளை மணி அடித்தது. ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள்.

"யக்கா... இதுல நாங்க போலாமா?"

"உங்களுக்குக் கட்டுனதுதான். போ தாயி."

அவ்வளவுதான்! வரிசை மாடிப்படியைத் தாண்டிப் போயிற்று. தலைமையாசிரியர் ஓடி வந்தார்.

"என்னம்மா பண்றீங்க? நாளைக்கு அதிகாரி ஆய்வுக்கு வர்றாரு! பிள்ளைங்க போனா டைல்ஸ் என்ன ஆகும்? சாவியைக் கொடுங்க!"

"வரட்டும் சார். அவருக்கும் அவசரம்னா, இந்தப் பிள்ளைகளுக்குப் பின்னால நிக்கட்டும்."

கடைசிப் பிள்ளை வெளியே வந்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார். கையோடு மாற்றுச் சான்றிதழ் கேட்டார். "போயும் போயும் ஒரு கக்கூசுக்காகவா நல்ல பள்ளியை விடுறீங்க?" என்றார் தலைமையாசிரியர். "எம்புள்ள உடம்புக்காக விடுறேன்" என்றார் உலகம்மாள்.

குளத்துப் பள்ளிக்குப் போனார். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மாணவியிடம் கழிப்பறை எங்கே என்றார். தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே அவள் கை காட்டினாள்: "அந்தா இருக்கு, போங்க." தகரக் கதவு. வெளியே பூட்டு இல்லை, உள்ளே தாழ்ப்பாள் இருந்தது. வாளியில் தண்ணீர் இருந்தது. கோமதிப்பிரியா அங்கே சேர்ந்தாள், குணமானாள்.

கதை முடிந்ததா? கைதட்டாதீர்கள். முடியவில்லை.

உலகம்மாள் வந்துபோன மறுநாளே பஜார் பள்ளியில் புதுப் பூட்டு வந்தது. சாவி இழுப்பறையிலிருந்து தலைமையாசிரியரின் சட்டைப் பைக்குப் போனது. வரிசையில் நின்ற பிள்ளைகள் வீட்டில் சொன்னார்கள். அவர்களுடைய பெற்றோர் என்ன செய்தார்கள்? பேசாமல் இருந்தார்கள்! ஏன்? தேர்ச்சி விழுக்காடு நன்றாக இருந்தது!

நான் வார்த்தையை அளந்து பேசுகிறவன். அளந்தே சொல்கிறேன்: அது அலட்சியம் அல்ல, கொடுமை. பூட்டியவர் செய்தது கொடுமை. தெரிந்தும் பேசாமல் இருந்தவர்கள் அதற்கு உடந்தை.

உலகம்மாளை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் மகள் நோயில் கிடந்தாள், காத்திருக்க நேரமில்லை. உங்கள் மகளோ நல்லபடியாக இருக்கிறாள். ஆகவே உங்களுக்கு நேரம் இருக்கிறது. எந்தப் பள்ளி என்று முடிவு செய்யும் முன், அவளையும் கூட்டிக்கொண்டு இரண்டுக்கும் போங்கள். மாணவிகளின் கழிப்பறை எங்கே என்று கேளுங்கள். அது பூட்டிக் கிடந்தால்... அடுத்த பள்ளியைத் தேடி ஓடாதீர்கள். அந்தக் கதவு எல்லாப் பிள்ளைகளுக்கும் திறக்கும் வரை அங்கேயே நில்லுங்கள். தனியாக நிற்க அச்சமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன்.

மேற்கண்டவை நான் இந்தக் கூட்டத்தில் பேசிய சொற்களே. நாளை யாரும் கூட்டியோ குறைத்தோ சொல்லாதிருக்கக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) த. ஞானதிரவியம்

சாட்சிகள்:
செ. மைதீன் பாத்து, மாணவியின் தாய்
கோ. உச்சிமாகாளி, மாணவியின் தகப்பனார்