மாமாவை இயந்திரமாக்கிய வரி

விசாரணைக்கு நடுவிலும் தேநீர் கொடுத்ததற்கு நன்றி ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை.

என் வேலை என்னவென்று உங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு வலைத்தளத்துக்கு வருகிறவர் போனில் வருகிறாரா, கம்ப்யூட்டரில் வருகிறாரா என்று கண்டு சொல்லும் மென்பொருளை எழுதியவன் நான். சில சமயம் ஆளே வருவதில்லை, தானாக ஓடும் நிரல்தான் வரும். அதற்கு ‘இயந்திரம்’ என்று முத்திரை குத்திவிடுவேன். பல தளங்கள் அதை வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். எல்லாம் இலவசம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்க்கலாம். திறந்த வீடு ஐயா. வந்தவர்கள் வேண்டியதை எடுத்துக்கொண்டு போனார்களே தவிர, நின்று சுற்றிப் பார்த்தவர்கள் குறைவு.

அக்கா வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டீர்கள். குழாய் வேலை செய்கிறவர், தங்கமான மனிதர். வாய்தான் சும்மா இருக்காது. “ஊருக்கெல்லாம் ஓசியில உழைக்கிறான், நம்ம மாப்ள பெரிய வள்ளல்” என்பார். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். அவர் சொன்னது எனக்கு வலிக்கவில்லை. அவள் சிரித்தது வலித்தது. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்.

மாமா ஒரு பழைய, மலிவான போனைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த ரகத்தை என் மென்பொருளில் இயந்திரங்களோடு சேர்த்தேன். ஒரே வரி. நாலு நாள் திண்டாடட்டும் என்ற விளையாட்டுதான். அதே போனை வேறு எத்தனையோ பேர் வைத்திருப்பார்கள் என்று தெரியும். ஆனால் அவர்களை எனக்குத் தெரியாதே.

ஒருவர் மட்டும் அந்த வரியைப் பார்த்துவிட்டு, இது மனிதர்கள் வைத்திருக்கும் போனாயிற்றே என்று பொதுவில் எழுதிக் கேட்டார். திருட்டு நிரல்கள் இந்த ரகத்தின் வேஷத்தில் வருகின்றன என்று பதில் எழுதினேன். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் தொழிலில் எழுதியவன் சொல்வதுதான் வேதவாக்கு.

பிறகு அக்காவுக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. கண் மருத்துவமனையில் முன்பதிவு வலைத்தளத்தில்தான். அவர்களும் என் மென்பொருளைத்தான் எடுத்திருந்தார்கள். மாமா கூப்பிட்டார்.

“மாப்ள, பேரைப் போடறதுக்கு முன்னாடியே என்னை மெஷின்னு சொல்லுது. நேர்ல போனா, ஆன்லைன்ல போட்டுட்டு வாங்கன்றாங்க. நீயே அக்காவுக்குப் போட்டுக் குடுத்துடேன்.”

“நோயாளி வீட்டுப் போன்லேருந்துதான் போடணும் மாமா. வேற போன் வாங்குங்க.”

“போன் நல்லாத்தான் இருக்கு. தப்பு அந்தப் பக்கம்தான், வேணும்னா பாரு.”

நான் சொன்னது பொய். எந்தப் போனிலிருந்தும் போடலாம். ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் அவர் என் பேச்சைத் தட்டமாட்டார். அவர் சொன்னதோ சத்தியமான உண்மை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கைக்காசைச் சேர்த்து அவர் புது போன் வாங்குவதற்குள் வலது கண் போய்விட்டது, இடதில் பாதி. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். “ஒரு போன் வாங்க மனசு வரலையே உங்களுக்கு” என்றாள் அக்கா. மாமா தலையைக் குனிந்துகொண்டார். “விடுக்கா, பாவம்” என்று நான்தான் சமாதானம் செய்தேன்.

உங்களிடம் புகார் கொடுத்தவர்களும் அந்தப் போன்காரர்கள்தானாம். வருத்தம்தான்.

அந்த வரியை இன்னும் ஏன் எடுக்கவில்லை என்கிறீர்கள். எடுத்தால் அவருடைய பழைய போன் எங்கும் வேலை செய்யும், தப்பு அவருடையது இல்லை என்று ஆகிவிடும். அக்கா திரும்பவும் அவரிடமே போய்விடுவாள். இப்போது என் வீட்டில் இருக்கிறாள், என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். பார்வை இல்லாதவளை நான் பார்த்துக்கொள்ளாமல் வேறு யார் ஐயா பார்த்துக்கொள்வார்கள்?