பஸ்ஸில் வந்த நாள்

— என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? தங்கச்சி வந்திருக்கேன், உள்ள வான்னு ஒரு வார்த்த வரமாட்டேங்குது?

— புவனா! நீ எப்படி... கார் தாம்பரத்துலதானே நிக்குது?

— அங்கதான் நிக்குது. உனக்கு யாரு சொன்னது?

— இல்ல பாப்பா... வாசல்ல காணோமேன்னு கேட்டேன்.

— வாசல்ல காணோம்னா தாம்பரத்துல நிக்குதுன்னு ஆயிடுமா? பெரம்பலூர் வரைக்கும் ஒரு பஸ்ஸு, அங்கேருந்து அரும்பாவூருக்கு நின்னுக்கிட்டே இன்னொரு பஸ்ஸு. அம்மா உள்ளதான் இருக்கு, செருப்பு கெடக்கு பாரு.

— இருக்கு, இருக்கு. கொஞ்சம் மெதுவா பேசு.

— நீ குடுத்த உன் பழைய கரண்டு கார்ல எத்தனை தடவ வந்திருப்பேன்! எப்ப வந்தாலும் பூட்டுன வூடுதான். உனக்குப் போன் போட்டா, அம்மா அரியலூர் சித்தி வூட்டுக்குப் போயிருக்குன்னுவ, கோயிலுக்குப் போயிருக்குன்னுவ. கண் ஆபரேசன் பண்ணுன அம்மாவுக்குன்னு ஆசையா வாங்கியாந்த பழத்தைப் பக்கத்து வூட்டுல குடுத்துட்டு, அழுதுக்கிட்டே திரும்பிப் போனேன்.

— நம்ம நேரம் சரியில்ல பாப்பா, அவ்வளவுதான்.

— நேரமா? போன தடவ உளுந்தூர்பேட்டையில நிக்கிறப்ப போன் பண்ணுனியே, “சார்ஜ் முப்பதுதான் இருக்கு, நல்லா ஏத்திக்கிட்டுக் கெளம்பு”ன்னு. நான் ஊருக்கு வரேன்னே உன்கிட்ட சொல்லலையே!

— அது... வண்டியோட ஆப் இன்னும் என் போன்லயே இருக்கு பாப்பா. நீ எங்க போனாலும் காட்டும். நடுரோட்டுல நின்னுடுவியோன்னு ஒரு பயத்துல பாத்தேன்.

— பாத்துட்டு அம்மாவைக் கெளப்பி அனுப்பிட்ட. நான் அங்க ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க, நீ இங்க வூட்டைப் பூட்டிக்கிட்டு இருந்திருக்க. வேற சாதியில கட்டிக்கிட்டேன்னு சொந்தக்காரங்க எல்லாம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டப்ப நீ ஒருத்தன்தானே பேசுன? “எப்ப வேணும்னாலும் கெளம்பி வா”ன்னு நீ குடுத்த கார் சாவியைக் கண்ணுல ஒத்திக்கிட்டேன்டா. இப்படி ஏமாத்திட்டியே.

— திட்டிக்க. எவ்வளவு வேணும்னாலும் திட்டிக்க. உள்ள மட்டும் போகாத, சொல்றதக் கேளு.

— ஏன் போகக் கூடாது? அம்மா என்னை நெனச்சு ஏங்கிப்போயிருக்கும். பெத்தவளுக்கு இருக்காதா? நீதான் குறுக்க நிக்கிற. நகரு! அம்மா! நான் புவனா வந்திருக்கேம்மா!

— ஏன்டா மணி, வண்டி இன்னிக்கு எடத்தவுட்டு நகரலன்னு சொன்னியேடா?

— அம்மா... என்னம்மா கேக்குற நீ?

— அவனை ஏன்டி வையிற? உன்னை உள்ள வுட்டா நாளைக்கு நம்ம சனம் ஒருத்தரும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டாங்க. நேர்ல வந்து நின்னா உன்னைத் தொரத்த எனக்கு மனசு வராது. நீ கெளம்புனா எனக்கு முன்னாடியே தெரியணும்னு, அந்தக் காரை உனக்குக் குடுக்கச் சொன்னதே நான்தான்டி.