பதினொரு ஒப்புகை அட்டைகள்

மதியம் சோறும் மீன்குழம்பும் சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் படுக்காவிட்டால் எனக்குத் தலை வலிக்கும், ஃபாதர். வேறு எந்த ஆடம்பரமும் எனக்குக் கிடையாது.

அந்தத் தூக்கத்தில் வாரம் மூன்று நாளை என் அக்கா, திரேஸ்யா சேச்சி, எடுத்துக்கொண்டாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள், இரண்டு சிறுநீரகமும் போய் எங்கள் வீட்டில் இருந்தாள். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காரில் திருச்சூருக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய், வராந்தாவில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். “வறுண்ணி மாதிரி ஒரு தம்பி கெடைக்கணும்” என்று ஊர் சொன்னது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அந்தப் பேரும் வேண்டும், தூக்கமும் வேண்டும். அற்பன்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஒருநாள் காரில் கியர் விழவில்லை. சுகதனின் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். நாலு நாளில் தருகிறேன் என்றான். சொன்னால் செய்துவிடுகிறவன், அதுதான் சங்கடம்.

நான் மின்சார வாரியத்தில் முப்பத்தொரு வருடம் குமாஸ்தா. ரொட்டியில் எடை குறைந்ததற்கே நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதியவன். என் தலை தெரிந்தால் கடைக்காரர்கள் தராசைத் துடைப்பார்கள். ஆகவே திங்கட்கிழமைதோறும் சுகதனுக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன்: நோயாளியை அழைத்துப்போக வேண்டும், காரை உடனே தருக. தபால் சேர்ந்த மாலை நானே போய் அவனுக்கு டீ வாங்கிக் கொடுப்பேன்.

“லெட்டரப் பாத்துப் பயந்துட்டியா? அது சும்மா வீட்ல காட்டறதுக்குடா. நீ மெதுவாச் செஞ்சாப் போதும்.”

“அப்போ சேச்சிய எப்படிக் கூட்டிட்டுப் போவீங்க, சாரே?”

“டாக்சி இருக்குல்ல.”

அவன் சிரித்துக்கொண்டே கியர் பாக்ஸை மூலைக்குத் தள்ளினான். வாராவாரம் தபால்காரர் நீட்டிய ஒப்புகை அட்டையில் மட்டும் நல்ல பிள்ளையாகக் கையெழுத்துப் போட்டான். மொத்தம் பதினொன்று.

நான் டாக்சி கூப்பிடவில்லை. சேச்சி பழைய வழக்கப்படி வெள்ளைச் சட்டையும் முண்டும் உடுத்தி, பர்ஸை மடியில் வைத்துக் காத்திருப்பாள். “நாளைக்கு நம்ம வண்டி வந்துடும் சேச்சி” என்பேன். பக்கத்து வீட்டுக்காரர் கார் தருகிறேன் என்றபோதும், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று அனுப்பிவிட்டேன். அவள் தலையாட்டுவாள். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், என் பேச்சை நம்பாமல் இருக்க அவளுக்குத் தெரியாது. வாரம் ஒருமுறை என் மனைவி எல்சி பஸ்ஸில் கூட்டிப்போனாள். சேச்சிக்குக் கால் வீங்கிப் படியேற முடியாமல் போனதும் அதுவும் நின்றது. பன்னிரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, நான் மதியம் தூங்கி எழுந்தபோது சேச்சி போயிருந்தாள். அன்று எனக்குத் தலை வலிக்கவே இல்லை.

அடக்கம் முடிந்ததும் எல்லோரும் ஏன், எப்படி என்று கேட்டார்கள். கையில் அட்டைகள் இருந்தன. வழக்குப் போட்டேன். ஆணையத்தில் என் கடிதங்களை வாசித்தபோது எல்சி அழுதாள். நானும் கைக்குட்டையை எடுத்தேன்; நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.

வாசலில் சுகதன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“சாரே, மெதுவாப் போதும்னு நீங்கதானே சொன்னீங்க? உள்ள வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. என் கடை போயிடும் சாரே.”

“அப்படி நான் சொன்னதுக்கு எழுத்து ஏதாச்சும் வச்சிருக்கியா, சுகதா?”

இல்லை. நஷ்டஈடு கட்டிக் கடை போயிற்று. இப்போது பந்தல் கட்டும் கூலி வேலைக்குப் போகிறான்.

தாமதத்தால் ஓர் உயிர் போனது என்று தீர்ப்பில் இருக்கிறது. அதில் பிழை இல்லை. அந்தத் தாமதத்தை வாராவாரம் டீ வாங்கிக் கொடுத்து வளர்த்தவன் நான். சேச்சியைக் கொன்றது நான்தான், ஃபாதர்.

பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவன் மனதில் யார்மேலும் பகை வைத்திருக்கக் கூடாது என்று பிரசங்கத்தில் சொன்னீர்கள். அந்த விஷயத்தில் என்மேல் குறை சொல்ல முடியாது. சுகதனை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.