பெண்கள் இழுக்கும் மேடு

— அஞ்சுக்கு எழுந்தேன். ஓட்ஸ் கஞ்சி குடிச்சேன். காளைங்களுக்குத் தண்ணி காட்டினேன். ரொட்டி அடுப்புல சாம்பல் அள்ளினேன். ஏழு கைவண்டிக்கும் அச்சுல மாட்டுக் கொழுப்பு தடவியாச்சு.

— தூங்கினியான்னுதானே கேட்டேன், லோரின்?

— படுத்தேன், சிஸ்டர் ஹேஃபன்.

— முதல்ல அந்தக் கைக்கடிகாரத்தக் கழட்டு. நாம வேஷம் கட்டுற அந்தக் கால மார்மன் சபை முன்னோடிங்க பேட்டரி போட்டுக்கிட்டா யூட்டாவுக்குக் கைவண்டி இழுத்து நடந்து வந்தாங்க? போன வாரம் ஒரு டூரிஸ்ட் அம்மா கேட்டே கேட்டுட்டாங்க.

— கழட்டிட்டேன். மேட்டுக்குக் கிளம்புறேன்.

— வேண்டாம்ப்பா. கொல்லுப்பட்டறையில இரு. மரிண்டா அங்க விழுந்து இன்னையோட ஒரு வருஷம். அதையே திரும்பப் பாக்கணுமா உனக்கு?

— ஆம்பளைங்க வரிசைக்கு நான்தான் பொறுப்பு. பட்டியல்ல நீங்கதான் போட்டீங்க.

— போட்டேன், புத்தி கெட்டு. சரி, போ. வழக்கம் தெரியுமில்ல? ரெண்டு பக்கமும் நீங்க. தொப்பி கையில. வாயில பேச்சு கூடாது. பொண்ணுங்க தனியா வண்டிய இழுத்துட்டு ஏறுவாங்க.

— தெரியும். ஏறுறதுக்கு முன்னாடி வரிசைக்கு ஒண்ணு சொல்லப்போறேன்.

— என்னன்னு?

— எந்தப் பொண்ணாவது கூப்பிட்டா, தொப்பியக் கீழ போட்டுட்டு ஓடிப்போய்த் தள்ளுங்கன்னு.

— அட, நல்லா இருக்கே! அந்தக் காலத்துல புருஷன வழியில புதைச்சிட்டு, கைக்குழந்தையோட பனியில இழுத்தாளுங்களே, அவளுங்க வண்டிய யாரு தள்ளினா? அது உடம்புல உறைக்கணும்னுதான் இந்த மேடே. ஆம்பளைக் கை பட்டா அப்புறம் அது வெறும் பிக்னிக்.

— அவங்களுக்குப் பக்கத்துல ஆள் இல்ல. இங்க இருபது பேர் மரம் மாதிரி நிக்கிறோம்.

— பிரதர் சட்வீக்ஸ், இருபத்தஞ்சு வருஷமா நான் நடத்துறேன் இத.

— பிரதர் ஆயிட்டேனா?

— கோவம் வந்தா அப்படித்தான். பிஷப்கிட்ட சொல்லி உன்ன நிறுத்திருவேன், பாத்துக்க.

— சம்பளமில்லாம தொண்டுக்கு வந்தவன். எதுலேருந்து நிறுத்துவீங்க? இந்தப் பழங்காலச் சட்டையக் கழட்டி வாங்கிக்கோங்க. என் சொந்தச் சட்டையில அடிவாரத்துல நின்னு சொல்லுவேன்.

— கல்லுடா நீ.

— சொல்லாம அங்கேருந்து நகர மாட்டேன்.

— யப்பா, நான் சொல்றதக் கேளு. அவ இதயத்துல கோளாறு இருந்தது அவ டாக்டருக்கே தெரியல. யாரு மேல குத்தம்? அந்தப் புள்ள யாரையும் கூப்பிடக்கூட இல்லையே. உச்சிக்குப் போனா, உன்னப் பாத்துச் சிரிச்சா, சாஞ்சா. நீதானே அடக்கத்துல எழுந்து நின்னு சொன்ன? சபையே அழுதது.

— அவ அம்மா முன்வரிசையில உக்காந்திருந்தாங்க.

— அதனால?

— அதனால அப்படிச் சொன்னேன்.

— லோரின்... அப்ப நடந்தது என்ன?

— பாதி மேட்டுல, எனக்கு நேரா வந்ததும் நின்னா. முகம் வெளுத்திருந்தது. நான் தொப்பியப் பிடிச்சுக்கிட்டு நேரா பாத்துக்கிட்டு நின்னேன். வழக்கம்.

— அய்யோ. ஏதாவது சொன்னாளா?

— சொன்னா. "லோரின், ஒரு கை குடேன்."