இதுவே முதல் சம்பவம்

இல்லீங்க சார், கையெழுத்துப் போட மாட்டேன்னு நான் சொல்லவே இல்லியே. கோர்ட்டுக்குப் போற காயிதம், படிச்சிட்டுப் போடுறேன்னுதான் சொன்னேன். அஞ்சாவது வரைக்கும் படிச்சவ, எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துரும். கொஞ்சம் நேரம் புடிக்கும், அவ்வளவுதான். நீங்க இந்த வெயில்ல பெரம்பலூர்லேருந்து செட்டிகுளம் வரைக்கும் வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்கீங்க, மொதல்ல மோரைக் குடிங்க. அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, செவுத்தோட சாஞ்சி உக்காருங்க.

கழுத்தையா பாக்குறீங்க? அது ஒண்ணுமில்ல. முந்திரிப் பால் பட்ட தழும்பு. எங்க அம்மா வூடு ஜெயங்கொண்டம் பக்கம். போன வருசம் போயிருந்தப்ப கொட்டை சுட்டாங்க, தெறிச்சிருச்சு. பட்ட எடத்துல தோலை உரிச்சிரும் அது. விடுங்க. கண்ணாடி எங்க வச்சேன்... ஆங், இருக்கு.

‘கீழ்த்தள வாகன நிறுத்துமிடத்தின் பாதுகாவலராகப் பணிபுரியும் சம்பூர்ணம் ஆகிய நான்.’ சார், மொத வரியிலியே தப்பா இருக்கே. நான் டோக்கன் போடுறவ. காம்ப்ளக்ஸுக்கு வர்ற வண்டிக்கு டோக்கன் குடுப்பேன், போவும்போது வாங்கிப் போடுவேன், காலையில ஒரு தரம் கூட்டுவேன். ஆறு வருசமா அதான் வேலை. டோக்கன் மொத்தம் நூத்தி இருவது. இப்ப பெட்டியில நூத்திப் பதினெட்டு இருக்கு. முப்பத்தெட்டாம் நம்பரு எனக்கு முன்னாடி இருந்தவ தொலைச்சது. இன்னொண்ணு எழுவத்தி மூணு. அது தொலையல, அதைப் பொறவு சொல்றேன்.

சட்டையா? ஆமா, குடுத்தாங்க. இல்லேங்கல. நீலச் சட்டை, முதுகுல செக்யூரிட்டின்னு இங்கிலீசுல எழுதியிருக்கும். மேனேஜர் சாமிதுரைதான் கொண்டாந்து, சேலைக்கு மேல மாட்டிக்கம்மான்னாரு. மாட்டிக்கிட்டு நின்னேன், நாலு போட்டோ எடுத்தாரு. எனக்கு வெக்கமாப் போச்சு, தொப்பிய மட்டும் வச்சுக்க மாட்டேன்னுட்டேன். அதோட கழட்டி ஆணியில மாட்டுனதுதான். அங்க செக்யூரிட்டின்னா அந்தச் சட்டையும் ஆணியுந்தான் சார். சிரிக்கிறீங்க. சிரிங்க, தப்பில்ல, நானும் அன்னைக்கு சிரிச்சேன்.

நான் கேட்டது சட்டை இல்ல. ஒரு ஆம்பளை வாட்ச்மேன் போடுங்கன்னு கேட்டேன். ஏன் கேட்டேனா? கேட்டேன், அவ்வளவுதான். மேல படிக்கிறேன்.

‘பன்னிரண்டு குழல் விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.’ பன்னெண்டு மாட்டியிருக்கு, அந்தக் கணக்கு சரி. எரிஞ்சது அஞ்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு முதலாளி அரங்கநாதன் கார் நிக்கிற எடம், அது பளிச்சுன்னு இருக்கும். அப்புறம் அஞ்சாவதும் ஏழாவதும். எட்டுலேருந்து பன்னெண்டு வரைக்கும் பின்னாடி மாடிப்படிப் பக்கம், அங்க ஒண்ணுகூட கெடையாது. பட்டப்பகல்ல போனாலும் கண்ணு பழக நேரமாவும். இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லல. ஒவ்வொரு தரமும் சாமிதுரைகிட்ட சொல்லிட்டு வந்து காலண்டர்ல ஒரு கோடு போட்டிருக்கேன். பதினேழு கோடு. உள்ள மாட்டியிருக்கு, எடுத்தாரவா? வேணாமா? சரி.

‘நான்கு கண்காணிப்பு கேமராக்கள்.’ நாலும் இருக்கு. ஒயர் ஒண்ணுக்குத்தான் போவுது. மாடிப்படிக்கு மேல இருக்கே, அதுல சிவப்பு பல்பு மினுக்கிக்கிட்டு இருக்கும், அதுக்குள்ள இருக்கறது பேட்டரி. கார்த்திகையிலியே தீந்துருச்சு, மினுக்குறதும் நின்னு போச்சு. பேட்டரியாவது மாத்துங்கன்னேன். யாரும்மா அண்ணாந்து பாக்கப் போறான்னாரு. பாக்குறவன் பாத்துருக்கான்.

போர்டு வச்சிருக்காங்கதான். ‘வாகனங்களுக்கும் பொருட்களுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல.’ தெனம் தொடைக்கிறவ நான்தானே, மனப்பாடம். வண்டின்னு போட்டிருக்கு, பொருள்னு போட்டிருக்கு. ஆளுன்னு போடல. நீங்க முதலாளியோட வக்கீலு, சட்டம் படிச்சவரு, உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்.

அன்னைக்கு நடந்தது இதுல மூணே வரியில முடிஞ்சிருச்சு. நான் சொல்லவா? சனிக்கெழமை, ஆனி மாசம், மதியம் மூணு மணி. ஆர்த்தி, ரஞ்சன்குடிப் புள்ள, நர்ஸுக்குப் படிக்குது. காலேஜுக்கு வெள்ளை ஷூ வாங்க வந்துச்சு. முன்னாடி பாதி எடம் காலியாத்தான் கெடந்துச்சு, ஆனா அங்க முதலாளி வூட்டு ஆளுங்க கார் வரும்னு கயிறு கட்டியிருந்தாங்க. எழுவத்தி மூணாம் நம்பர் டோக்கனைக் குடுத்து, பின்னாடி மாடிப்படிக்கிட்ட நிறுத்தும்மான்னேன். அது எட்டிப் பாத்துட்டு, என்னம்மா இவ்வளவு இருட்டாக் கெடக்குன்னு கேட்டுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒண்ணும் ஆவாது, கேமரா இருக்கு, போ.

அரை மணி நேரம். மேலேருந்து எறங்கி வந்திருக்கு. படியிலியே ஒருத்தன் நின்னுருக்கான். செயினை இழுத்தவன் புடிச்சித் தள்ளிட்டான். பதினாலு படி சார் அது. எனக்குக் கேட்டது ஷூ டப்பா உருண்ட சத்தந்தான், அப்புறம் ஒரே ஒரு தரம் அம்மான்னுச்சு. முதுகெலும்புல அடி. இடுப்புக்குக் கீழ அசைவில்ல.

இதுல எப்புடி எழுதியிருக்கீங்க? ‘பாதுகாவலர் உடனடியாக ஓடிச் சென்று உதவினார்.’ யாரு, நானா? நான் ஓடல சார். பத்தடி போனேன், அதுக்கு மேல கால் வரல. நின்ன எடத்துலியே நின்னேன். மேல செல்போன் கடை ஆளுங்க வந்துதான் தூக்குனாங்க. என்னைக் காப்பாத்தணும்னு எழுதியிருக்கீங்க, புரியுது. வேணாம். ஓடாதவளை ஓடுனான்னு எழுதாதீங்க.

அந்தப் புள்ளையோட அப்பா குருநாதன் இருக்காருல்ல, கேஸ் போட்டவரு, போன வாரம் இங்க வந்தாரு. இதே நாற்காலியிலதான் உக்காந்தாரு. சண்டை போட வந்திருக்காருன்னு நெனச்சேன். சட்டைப் பையிலேருந்து டோக்கனை எடுத்துக் குடுத்தாரு. ஆஸ்பத்திரியில புள்ளையோட கையைப் பிரிச்சப்ப உள்ள இருந்துச்சாம். உங்க கணக்குல கொறையுமேம்மா, அதான் குடுத்துட்டுப் போவலாம்னு வந்தேன்னாரு. செருப்பால அடிச்சிருந்தாக்கூட எனக்கு அவ்வளவு வலிச்சிருக்காது. இன்னும் அதைப் பெட்டியில போட மனசு வரல. போவும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. இதுக்கு முன்னாடி அங்க இப்புடி ஏதாச்சும் நடந்திருக்காம்மான்னு. எனக்குத் தெரியாதுங்கன்னு சொல்லிட்டேன்.

கடைசி வரியா? பாத்துட்டேன். அப்பவே பாத்துட்டேன் சார், அதனாலதான் மேல மேல பேசிக்கிட்டு இருக்கேன். ‘இவ்வளாகத்தில் இதற்கு முன் இதுபோல் எதுவும் நடந்ததில்லை. இதுவே முதல் சம்பவம்.’

இந்த வரியை மட்டும் எடுத்துட்டாப் போடுறேன். ஏன், முடியாதா? லைட்டு, கேமரா எல்லாத்தையும் மாத்திக்கலாம், இது மட்டும் இருந்தே ஆவணுமா? அப்புடி என்ன இருக்கு இதுல? சொல்லுங்க, மெதுவாச் சொல்லுங்க.

ஓ.

அதாவது, முன்னாடி ஒண்ணு நடந்து, அது முதலாளி தரப்புக்குத் தெரிஞ்சும் சரி பண்ணாம வுட்டிருந்தா, அது அவங்க பொறுப்பு. திடீர்னு மொத தடவையா நடந்துச்சுன்னா, அவங்க என்ன பண்ணுவாங்க பாவம்னு ஆயிடும். அப்புடித்தானே? நல்லாப் புரியுது சார். ஸ்கூல்ல உங்களை மாதிரி யாராச்சும் சொல்லிக் குடுத்திருந்தா இன்னும் ரெண்டு வகுப்பு படிச்சிருப்பேன்.

மோர் ஆறிப்போற பொருள் இல்ல, குடிங்க. நான் ஒண்ணு சொல்றேன்.

எங்க வூட்டுக்காரரு வெள்ளந்தி. போன வருசம் ஆடிப்பெருக்கு முடிஞ்ச வாரம், முந்தானையைக் கழுத்தைச் சுத்திப் போத்திக்கிட்டு, தாலி இல்லாம வந்து நின்னேன். சிறுவாச்சூர் கோயில் உண்டியல்ல போட்டுட்டேன், வேண்டுதல்னு சொன்னேன். கன்னத்துல போட்டுக்கிட்டு, வேற மஞ்சக் கயிறு வாங்கியாந்து குடுத்தாரு. அன்னைக்கு புதன்கெழமை சார். சிறுவாச்சூர்ல திங்களும் வெள்ளியுந்தான் நடை தொறப்பாங்க, இந்தப் பக்கத்துல பச்சைப் புள்ளைக்கும் தெரியும். ராத்திரியெல்லாம் அதை நெனச்சி பயந்து கெடந்தேன். எங்க வூட்டுலியும் சரி, தெருவுலியும் சரி, ஒருத்தரும் கெழமைய எண்ணிப் பாக்கல. மறுநாள் அம்மா வூட்டுக்குப் போயி நாலு நாள் இருந்துட்டு, முந்திரிப் பால்னு கழுத்துக்கும் ஒரு காரணம் சொல்லிக்கிட்டு வந்தேன்.

அதே மாடிப்படிதான். கூட்டிக்கிட்டு இருந்தேன். பின்னாடிலேருந்து வாயைப் பொத்துனான். கயித்தை இழுத்தான், அறுவல, அறுவுற வரைக்கும் இழுத்தான். அதோட வுட்டானான்னு கேக்காதீங்க. போலீசுலியும் அதைத்தான் கேப்பாங்கன்னு போவல.

யாருக்கும் தெரியாதுன்னு எப்புடி சார் சொல்லுவேன். ரத்தத்தோட நேரா சாமிதுரை ரூமுக்குத்தானே போனேன். முதலாளியும் அங்கதான் இருந்தாரு. ஆடித் தள்ளுபடி ஓடிக்கிட்டு இருக்கு, வெளிய சொன்னா ஒரு பொம்பளை உள்ள வர மாட்டா, உனக்கும் அசிங்கம்னாங்க. ஆமான்னு தலையாட்டுனேன். வாட்ச்மேன் மட்டும் போடுங்கன்னேன். அம்மா வூட்டுலேருந்து நான் திரும்பி வந்த மூணாம் நாள் போர்டு வந்துச்சு. அஞ்சாம் நாள் சட்டை வந்துச்சு.

அன்னைக்கும் ஆர்த்தி வுழுந்தன்னைக்கும் நடுவுல முன்னூத்தி இருவத்தஞ்சு நாளு. அந்த முன்னூத்தி இருவத்தஞ்சு நாளும் எட்டாவது லைட்டுக்கு அந்தாண்ட நான் ஒரு அடி வச்சதில்ல. கூட்டக்கூடப் போவல. அங்கதான் அந்தப் புள்ளைய, ஒண்ணும் ஆவாது போன்னு அனுப்பி வச்சேன்.

எந்திரிக்காதீங்க, இருங்க. கையெழுத்து வாங்கத்தானே வந்தீங்க, போட்டுத் தரேன். அந்தப் பேனாவைக் குடுங்க. ‘எதுவும் நடந்ததில்லை’ங்கற வரியை முழுசா அடிச்சிட்டு, ‘முதல்’னு இருக்கறதையும் அடிச்சிட்டு ‘ரெண்டாவது’ன்னு எழுதிக்கிறேன். எனக்குக் கணக்கு சரியா இருந்தாப் போதும்.