பாலத்தூண் மேல் ஒரு வெள்ளை கேன்

காப்பிக்கு நன்றி. படகுத்துறையில் ஓபல் போடுகிற காப்பியைவிட இது நன்றாகவே இருக்கிறது. அவளிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் கொடுத்த மஞ்சள் தாளில் நானே என் கைப்பட எழுதுகிறேன். கோடு தாண்டாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிறேன் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிகூடப் போடவில்லை.

என் பெயர் வெண்டல் ஹாஸ்கின்ஸ். அறுபத்து மூன்று வயது. யாரும் என்னை இழுத்து வரவில்லை. ராய்ஸ் டிலார்ட் செத்தது விபத்து என்று நீங்கள் போலீஸ் அறிக்கையில் எழுதி முடித்துவிட்டீர்கள். எனக்கு அதில் ஆட்சேபம் இருந்திருக்காது. ஆனால் ஓபல் கடையில் பேச்சு வேறு மாதிரி போகிறது. "வெண்டலுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு, கேனைத் தப்பான எடத்துல போட்டுட்டான், அப்புறம் யாருக்கும் தெரியாம போய்ச் சரிபண்ணியிருப்பான்" என்கிறார்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. இந்த டன்னகன் ஏரியில் இருபத்திரண்டு வருடமாகக் கேன் போடுகிறவன் நான். தப்பான இடத்தில் ஒன்றுகூடப் போட்டதில்லை.

நீங்கள் இந்த ஊருக்குப் புதிது. தண்ணீரில் இறங்குகிற ஆளாகவும் தெரியவில்லை. அதனால் சொல்கிறேன். செப்டம்பர் பிறந்தால் அணைக்காரர்கள் குளிர்காலத்துக்காகத் தண்ணீரை இறக்க ஆரம்பிப்பார்கள். அணை கட்டியபோது மூழ்கிய மொட்டை மரம், வேலிக்கால், பழைய பாலம் எல்லாம் மெல்ல மேலே வரும். வெளியே தெரிந்தால் ஆபத்தில்லை. ஒரு சாண் தண்ணீருக்கு அடியில் நிற்கிறபோதுதான் படகைக் கிழிக்கும். பெரிய வழியில் அணைக்காரர்கள் மிதவை போடுவார்கள். ஏரியில் வந்து சேருகிற ஓடைகளுக்குள் எட்டிப் பார்க்கமாட்டார்கள். அங்கே நாங்களே பார்த்துக்கொள்வோம். காலியான பிளீச் கேனில் கயிறு கட்டி, அடியில் அரைச் செங்கல்லைத் தொங்கவிட்டு, ஆபத்தான இடத்துக்கு நேர் மேலேயே மிதக்கவிடுவோம். ஒருவன் போட்ட கேனை இன்னொருவன் தொடமாட்டான். சிக்கமோர் ஓடை முழுக்க என் கேன்கள்தான். அந்த ஓடையில் ஒரு பழைய பாலத்தூண் இருக்கிறது. கோடையில் அதன் மேல் ஒன்பது அடித் தண்ணீர். அக்டோபர் கடைசியில் ஏழு அங்குலம்.

ராய்ஸும் நானும் பதினெட்டு வருடம் ஒரே படகில் மீன் பிடித்தோம். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை நடக்கிற இரட்டையர் போட்டியில் நான்கு முறை கோப்பை எங்களுக்கு. மற்றவர்கள் தூணுக்கு நூறு கஜம் முன்னாலேயே வேகத்தைக் குறைத்து ஊர்ந்து போவார்கள். ராய்ஸ் குறைக்கமாட்டான். கேன் இடது பக்கம் இருபது அடியில் வரும்படி படகை ஒடித்து, முழு வேகத்தில் பறப்பான். அதில் இரண்டு நிமிடம் மிச்சம், தூணைத் தாண்டி மீன் சேர்கிற உள்குடாவுக்கு முதல் ஆளாகப் போய்விடலாம். "வெண்டல் போட்ட கேன் இருக்கையில எனக்கெதுக்குக் கண்ணு" என்று கத்திக்கொண்டே போவான். அது எனக்குப் பிடிக்கும். மறைக்க என்ன இருக்கிறது, ரொம்பப் பிடிக்கும்.

ஆகஸ்டில் ஒரு மதியம், ஓபல் கடையில் பீன்சும் சோளரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடை நிறைய ஆட்கள். ராய்ஸ் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"வெண்டலு, தப்பா எடுத்துக்காதடா. இந்த வருஷம் நான் மாப்பிள்ளையோட எறங்குறேன்."

"ஏன், எனக்கென்ன கேடு வந்துச்சு?"

"கேடு ஒண்ணுமில்ல. தூண்டில்ல ஒரு முடிச்சுப் போட உனக்கு அரை நிமிஷம் ஆவுது. நீ முடிச்சுப் போட்டு முடிக்கிறதுக்குள்ள மீனுக்குப் பேரன் பொறந்துடும்."

கடையே சிரித்தது. அதைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஓபல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பாவம்யா, விடு ராய்ஸ்" என்றாள். அந்தப் 'பாவ'த்தைத்தான் பொறுக்க முடியவில்லை. ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மாப்பிள்ளை கெண்டலை நீங்கள் ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பீர்கள். நல்ல பையன் என்று எல்லோரும் சொல்கிறார்கள், சொல்லட்டும். தண்ணீருக்கு அடியில் இருக்கிறதை எல்லாம் படமாகக் காட்டுகிற திரை ஒன்றை ராய்ஸின் படகில் அவன்தான் மாட்டினான். ஒவ்வொரு ஜனவரியிலும் நான் சீடர் மரங்களை வெட்டி, கல் கட்டி, ஏரியில் தனியாக மூழ்கடிப்பேன். கிராப்பி மீன் அதில் கூட்டமாய் அடையும், அதைத் தின்ன, போட்டியில் எடை போடுகிற பாஸ் மீனும் வரும். ஒருவன் மூழ்கடித்த மரத்தில் இன்னொருவன் தூண்டில் போடமாட்டான். தற்செயலாய் வந்தால்கூடக் கை அசைத்துவிட்டு விலகிப் போவான். செப்டம்பரில் போய்ப் பார்த்தால் என் மரத்துக்கு மேலே மாமனாரும் மாப்பிள்ளையும் சவுகரியமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

"இது என் எடம், ராய்ஸ்" என்றேன்.

"உன் எடமா? தண்ணிக்குப் பட்டா வாங்கி வெச்சிருக்கியா?"

கெண்டல் திரையைத் தட்டிக் காட்டினான். "இங்க பாருங்க வெண்டல் சார். உங்க மரத்துல எத்தன கிளைன்னுகூட எண்ணிடலாம்."

பதினெட்டு வருடம் ஏறிய ஏணியை எட்டி உதைத்தவன், அந்த ஏணியின் படிகளை எண்ணவும் ஆள் கூட்டி வந்திருக்கிறான். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் நான் கத்துகிற ஆள் இல்லை. கை அசைத்துவிட்டு விலகிப் போனேன். முறை தெரிந்தவன் யார் என்று தெரியட்டுமே என்று.

போட்டிக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை மதியம், சிக்கமோர் ஓடைக்குப் போய்ப் பாலத்தூண் கேனை இருபது அடி இடது பக்கமாக நகர்த்தினேன். இருபது அடி, கயிறு போட்டு அளந்தது. கண் தெரியாதவன் வேலையா இது, நீங்களே சொல்லுங்கள். கேன் என்னுடையது. அதிலிருந்த பிளீச்சை வாங்கித் துணி துவைத்தது நான். அதை இன்ன இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. என்ஜினின் புரொப்பெல்லர் கல்லில் தட்டி உடையும், படகு நின்றுபோகும், போட்டி போகும். நான் உள்குடாவில் இருப்பேன். அவன் என்னைப் பார்த்துக் கை ஆட்ட வேண்டும், "இழுத்துட்டுப் போடா வெண்டலு" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. புரொப்பெல்லர் மட்டும் தட்டுவதற்கு ஒன்றரை அடித் தண்ணீர் சரியான அளவு. பதினைந்து நாள் முன்னால் தூணின் மேல் அந்த அளவுதான் இருந்தது, அன்று அவன் பயிற்சிக்கும் வந்தான். அன்றைக்கே ஏன் நகர்த்தவில்லை என்று கேட்பீர்கள். தண்ணீர் இன்னும் இறங்கட்டும் என்று இருந்தேன். எதையும் அவசரப்பட்டுச் செய்கிற பழக்கம் எனக்கில்லை. உயிர்காப்புச் சட்டையை அவன் படகுத்துறையில் இருக்கிறவர்கள் பார்வைக்குத்தான் மாட்டுவான், முனை திரும்பியதும் கழற்றிக் காலடியில் போடுவான். அது ஊருக்கே தெரியும். அவன் பழக்கத்துக்கு நான் என்ன செய்ய?

ஜோடி இல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள் என்பதால், சனிக்கிழமை தனி ஆளாகப் பெயர் கொடுத்து, முதல் வரிசையிலேயே கிளம்பி, உள்குடாவில் நங்கூரம் போட்டேன். ராய்ஸுக்குச் சீட்டு கடைசியில் விழுந்திருந்தது. ஒன்பது மணிக்குப் பனி விலகியது. அந்த நேரம் வெயில் நேரே முகத்தில் அடிக்கும், திரையில் ஒன்றும் தெரியாது. ராய்ஸின் என்ஜின் சத்தம் எனக்குத் தனியாகத் தெரியும். வந்தது, வந்துகொண்டே இருந்தது, நின்றது. தகரக் கதவைச் சாத்தின மாதிரி ஒரு சத்தம், அவ்வளவே. படகு கவிழ்ந்து மிதந்தது. கெண்டல் கொஞ்ச தூரம் தள்ளி விழுந்தான். அவன் உயிர்காப்புச் சட்டை போட்டிருந்தான்.

அதே நேரம் மீன் கிளம்பிவிட்டது. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இலை உதிர்கிற காலத்தில் பொடிமீன் எல்லாம் குடாவுக்குள் ஒதுங்கும். என்றைக்காவது ஒரு நாள் பாஸும் வெள்ளைப் பாஸும் வரிப் பாஸும் ஒன்றாய்ச் சேர்ந்து அதை மேலே விரட்டும். உலை கொதிக்கிற மாதிரி தண்ணீர் கொதிக்கும். பத்து நிமிடம் இருந்தால் அதிகம். சில வருடம் ஒரு முறைகூட வாய்க்காது. நான் வீசினேன். விழுந்ததும் பிடித்தது. நாலு பவுண்டு இருக்கும்.

"வெண்டல் சார்! இடுப்பு போச்சு சார்! மாமாவப் பாருங்க!"

"வரேம்ப்பா, தூண்டில் நரம்பைச் சுத்திக்கிட்டு வரேன்" என்றேன்.

சுற்றினேன். மறுபடி வீசினேன். நான் மீன் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று கெண்டல் உங்களிடம் சொன்னது உண்மைதான். அடிபட்டவன் ஏதோ உளறுகிறான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள். போட்டிக்கு ஐந்து மீன் கணக்கு, ஐந்தையும் அங்கேயே பிடித்தேன். ஒவ்வொரு முறையும் முடிச்சை இழுத்துப் பார்த்தேன், ஒன்றுகூட அவிழவில்லை. யார் சொன்னது எனக்குக் கை வரவில்லை என்று? ராய்ஸ் தண்ணீரில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கட்டும் என்றுதான் இருந்தது.

பிறகு போனேன். இதைக் கெண்டல் பார்த்திருக்க முடியாது, அவன் முகம் மறுபக்கம் இருந்தது. விட்டுவிடுவது நியாயமில்லை என்று எழுதுகிறேன். ராய்ஸ் சாகவில்லை. ஒரு கை முறிந்து தொங்கியது. மறு கையால் என் கேனைப் பிடித்துக்கொண்டு தலையை மேலே வைத்திருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் சந்தோஷம் வந்தது. அது எனக்கு நன்றாய் நினைவிருக்கிறது.

"வெண்டலு... கேன் நகந்திருக்குடா. காத்துல போயிருக்கும் போல. மொதல்ல அதச் சரியா வெய்யி. திரும்பி வர்ற பசங்க எவனாச்சும் மோதிடப் போறான்."

என் மேல் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. அவன் சொன்னது சரிதான். எங்களுக்கு முன்னால் மேல் ஓடைக்குப் போயிருந்த பன்னிரண்டு படகு அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டியிருந்தது. நான் குனிந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்தேன். குளிரில் விறைத்திருந்ததால் கொஞ்சம் நேரம் பிடித்தது. கேனை வாங்கிக்கொண்டுபோய்த் தூணுக்கு நேர் மேலே, பழைய இடத்திலேயே வைத்தேன். இருபது அடிதான். திரும்பி வந்து பார்த்தபோது அவனைக் காணவில்லை. கெண்டலைத் தூக்கிப் படகில் போட்டுக்கொண்டு துறைக்கு வந்தேன்.

கேனை அப்படியே விட்டுவிட்டு அவனைத் தூக்கியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். திரும்பி வருகிறவர்கள் என் கேனை நம்பி வருகிறவர்கள், ஐயா. அதில் ஒருவன் செத்திருந்தால் அந்தப் பாவம் என் தலையில் அல்லவா விழும்.