கலப்பு மானின் சினை

நான் ஊற்றும் பிளேன்டித் தேநீரில் இஞ்சி சற்றுத் தூக்கலாக இருக்கும். மகள் நிஹ்லாவுக்கு அப்படித்தான் பிடிக்கும். அவளுடைய உம்மா மௌத்தான பிறகு, சாய்ந்தமருதில் அவளுக்குச் சீதனமாகக் கட்டிய வீட்டில் காலையில் அடுப்பு மூட்டுவது நான்தான்.

பொலிஸுக்கு எத்தனை தடவை சொல்வது சேர், களைப்பாக இருக்கிறது. சவூதியில் ஒரு மான் பண்ணையில் வேலை செய்தேன். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு சாதி மான்கள் அங்கே இருந்தன. பாலைவனத்தில் பக்கத்துப் பக்கத்தில் மேய்ந்து தாமாகவே கலந்துவிட்டவையும் பிடிபட்டு வரும். சூடானி மிருக வைத்தியர் இரத்தம் எடுத்து, நிறமூர்த்தங்களை, அதுதான் குரோமோசோம்களை, எண்ணித்தான் அவற்றைப் பிரிப்பார். ஒரு சாதியில் இரண்டு நிறமூர்த்தங்கள் ஒன்றாய் ஒட்டியிருக்கும், மற்றதில் தனித்தனியாக இருக்கும். கலப்புப் பெட்டைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. சினைப்படும், விழுந்துவிடும், மறுபடி சினைப்படும். விழுந்ததை நக்கிக்கொண்டே நிற்கும். பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பிறகு வைத்தியர் தொடக்கத்திலேயே சினையைக் கலைக்கும் ஊசி போடச் சொல்லிவிட்டார். ஊசி போட்ட மான் மறுநாளே தீனி எடுத்தது.

நிஹ்லாவுக்கு முதல் கரு தானாகவே கலைந்தது. அதில் என் கை இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். கொழும்பில் இரத்தம் சோதித்தார்கள். அவளுக்கும் இரண்டு நிறமூர்த்தங்கள் ஒட்டியிருந்தன. சில கருக்கள் கலையலாம், சில நிற்கும், பொறுமையாக இருங்கள் என்று டொக்டர் சொன்னதாக மருமகன் அர்ஷாத் வந்து சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் பார்த்த அளவுக்கு அந்த டொக்டர் பார்த்திருக்க மாட்டார்.

அந்த நாட்களில் அவள் என் மடியில் தலைவைத்தே கிடந்தாள், சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் கிடப்பதுபோல.

ஆகவே அவள் மறுபடி முழுகாமல் இருப்பது தெரிந்ததும் நான் காத்திருக்கவில்லை. மாத்திரையை எங்கே வாங்கினேன் என்று முன்பே சொல்லிவிட்டேன். பொடித்துத் தேநீரில் போட்டேன். வலி ஒரு நாளோடு போனது. எல்லாரும் பழைய குறைதான் என்று நினைத்தார்கள். அவள் திரும்பவும் என் மடிக்கு வந்தாள்.

மூன்றாவதை என்னிடமும் மறைத்தார்கள், கண்ணூறு பட்டுவிடும் என்று. வயிறு தெரியத் தொடங்கிய பிறகு அவளே அடுக்களைக்கு வந்து, என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள்.

"இந்தப் புள்ளைக்கு ஒண்டும் இல்லயாம் வாப்பா. எல்லாம் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டாங்க. இது நிண்டுடும்."

உள்ளே அசைந்தது. அதையும் மறைக்க மாட்டேன். மறுநாள் காலையில் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது. இரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவளைக் காப்பாற்றினார்கள், அல்ஹம்துலில்லாஹ். கருப்பையை எடுத்துவிட்டார்கள். மிச்ச மாத்திரையை என் மெத்தைக்கடியில் கண்டெடுத்தது அர்ஷாத்தான்.

இனி அவள் எதற்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. அதற்காகத்தான் செய்தேன். இதுவரை என்னை வந்து பார்க்கவில்லை. உடம்பு தேறியதும் வருவாள்.

விசாவைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஓம், பிள்ளை பிறந்ததும் அர்ஷாத் அவளைக் கட்டாருக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. அவள் வயிற்றில் என் கையை வைத்த அன்றுதான் அதையும் சொன்னாள். அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. நான் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை, சேர். தாயில்லாத பிள்ளை, என்னை விட்டு எங்கே போகும்?